நியாலாஸ் பாட்டுக்கு எந்த வேகம்?

போன மாதம் நான் கடையிலிருந்து ஓய்வுபெற்றேன். கூட வேலை செய்த பிள்ளைகள் சேர்ந்து எனக்கு ஒரு சிடி பிளேயர் வாங்கித் தருவதாக இருந்தார்களாம். நல்ல வேளை, வாங்குவதற்கு முன்னால் வந்து கேட்டார்கள். எனக்கு ரெக்கார்டு பிளேயர்தான் வேண்டும் என்றேன். நின்றவர்களுக்கெல்லாம் சிரிப்பு தாங்கவில்லை. "மேரி அக்கா, அதெல்லாம் மியூசியத்துல தேடணும் லா" என்றாள் கேஷியர் பெண். தேடுங்கள் என்றேன். எதைப் பார்த்து வாங்குவது, உங்களுக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதிக் கதையை நானே சிரித்துக் கெடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் மலாக்கா டவுன்காரி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு இந்தக் கடையில் சேர்ந்தேன். அப்போது கீழ்த்தளம் முழுக்க இசைத்தட்டுகள். மாடியில், பலகைத் தரையில், ரேடியோ ரிப்பேர். முதல் வருடம் தூசி தட்டினேன், இரண்டாம் வருடம் பில் போட்டேன், அதற்குப் பிறகுதான் தட்டைத் தொடவே விட்டார்கள்.

முதலாளி பெயர் சிவலிங்கம். நாங்கள் பாஸ் என்போம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் நிதானமாகத் துடைப்பார். திரும்ப மாட்டுவார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

ஒரு தட்டைப் போட்டுக் காட்டுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கையைக் கழுவு. விளிம்பில் பிடித்து எடு. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார். வெல்வெட் துணியால் சுற்றுவாக்கில் துடை. நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படி. வேகத்தை வை. அப்புறம்தான் ஊசி. லேபிளைப் படிக்காமல் வேகம் வைத்தால் அன்றைக்குக் கண்ணாடி கழன்றது என்று அர்த்தம். பெரிய தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு நாற்பத்தைந்து என்பது பொதுவான வழக்கம்தான். ஆனால் சின்னதாக இருந்துகொண்டே முப்பத்து மூன்றில் ஓடுகிறவையும் உண்டு. "பாடினவரு எந்த வேகத்துல பாடினாரோ அந்த வேகத்துலதான் கேக்கணும். அதுல கை வெக்க நமக்கு உரிமை இல்ல" என்பார். அதுதான் அவருக்கு வேதம்.

ஒருமுறை பெரிய உத்தியோகத்தில் இருந்த வாடிக்கையாளர் ஒருவர், கூட வந்த பிள்ளைகளைச் சிரிக்க வைக்கப் பெரிய தட்டை நாற்பத்தைந்தில் ஓடவிட்டார். பாடகர் கீச்சுக் குரலில் கத்த, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாஸ் போய் ஊசியைத் தூக்கினார். தட்டை உறையில் போட்டார். இது விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார். கைக்கு வந்த வியாபாரம் போகிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனாலும் இந்த மனிதரிடம் கடைசிவரை வேலை பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதும் அன்றைக்குத்தான்.

பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது. தொண்ணூறுகள் தொடங்கியபோது கீழே கரோக்கே பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. விற்காத தட்டுகளைப் பெட்டியில் கட்டி மாடியில் ஒதுக்கியிருந்தோம். நான் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் மேலே போய் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். அப்படி இருந்த ஒரு நாள் முற்பகலில், கோணிப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சலை வந்தாள்.

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள். நாற்பது வயது இருக்கும். அங்கே கோலாட்டக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. ஜாசின் வட்டாரத்தில் நியாலாஸ் கோலாட்டம் என்றால் தெரியாதவர்கள் இல்லை, அவ்வளவு வேகம். கோல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது என்பார்கள். அந்த வருடம் டவுன் அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாளுக்கு முதன்முறையாக அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்ட நேரம் பார்த்து ரெக்கார்டு பிளேயர் செத்துப்போயிற்று. பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி அது. எந்தப் புண்ணியவானோ அதை லாரி பேட்டரியில் மாட்டிச் சுட்டுவிட்டான். கோணிப்பைக்குள் அந்தப் பெட்டி இருந்தது. கூடவே, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரே ஒரு சின்னத் தட்டு.

பெட்டியைப் பிழைக்க வைக்க வழியில்லை என்று மாடியில் சொல்லிவிட்டார்கள். வேறு பிளேயரில் ஓட்டிப் பாட்டைக் கேசட்டில் பதிந்து தருகிறோம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வழக்கம் வேறு. அம்மன் முன்னால் தட்டை வைத்து, சூடம் காட்டி, நடு லேபிளில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பிறகு கூட்டத் தலைவி தன் கையால் ஊசியை வைக்க வேண்டும். பாட்டுக்கு முன்னால் கரகரவென்று சத்தம் வரும்போதே கோல்கள் மேலே எழும்ப வேண்டும். அந்த ஒரு தட்டுக்குத்தான் அவர்கள் ஆடுவார்கள். அதில் பாடும் பெண்ணுக்கு அவர்களே பாப்பா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நாங்க இல்லேன்னா டவுன் கூட்டம் ரெடியா நிக்குதுக்கா. தோட்டத்துக்காரிங்களால முடியலன்னு சொல்லிட்டு அவங்க ஏறிருவாங்க" என்றாள். அழவில்லை. ஆனால் கோணிப்பையின் வாயை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்த பாஸ், "மேரி, தேடு" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எத்தனை வருடம் கழித்து ரெக்கார்டு பிளேயர் தேடப் போகிறேன்!

முதலாவது, புதுசு. சாமான் விற்கிறவர் ஒருவர் கொண்டுவந்தார். பளபளவென்று கண்ணாடி மூடி, பச்சை விளக்கு. அஞ்சலைக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. எனக்கு அதைத் தூக்கியதுமே சந்தேகம், சோற்றுத்தட்டு அளவுக்குக்கூடக் கனம் இல்லை. மாடிப் பலகைமேல் வைத்து, கடைப் பெட்டியிலிருந்து ஒரு தட்டை ஓடவிட்டோம். பாஸ் செருப்பைக் கழற்றினார். அவர் கொஞ்சம் கனத்த உடம்பு. எழும்பி ஒரு குதி குதித்தார். ஊசி பாதிப் பாட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். கோலாட்டம் ஆடுகிற இடத்தில் தரை சும்மா இருக்காதே, அதற்குத்தான் இந்தச் சோதனை.

இரண்டாவது, புக்கிட் பெருவாங்கில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. மர உடம்பு, நல்ல கனம். பாஸ் குதித்தார், ஊசி அசையவில்லை. ஆனால் பாட்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. உள்ளே தட்டைச் சுழற்றும் ரப்பர் வார் தளர்ந்துபோயிருந்தது. அந்த அளவு வார் கோலாலம்பூரில்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு மனசே இல்லை, திருப்பிக் கொடுத்தோம்.

மூன்றாவது, டவுனில் ஒரு ஹோட்டல் டிஸ்கோவிலிருந்து வந்தது. அவர்கள் சிடிக்கு மாறிவிட்டதால் மூலையில் கிடந்ததாம். தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வாரே கிடையாது, மோட்டாரின் மேலேயே தட்டு உட்கார்ந்திருக்கும். முன்னால் இரண்டு பொத்தான்கள், முப்பத்து மூன்று, நாற்பத்தைந்து. அமுக்கிய மாத்திரத்தில் முழு வேகம் பிடித்தது. நான் ஒயரைக் கரோக்கே பெட்டியில் சொருகினேன். பாட்டு கொசு மாதிரி ஙொய் என்றது. பாஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். ரெக்கார்டு ஊசியின் சத்தம் சன்னமானது, அதைப் பெருக்குவதற்கென்று பழைய அம்ப்ளிஃபையர்களில் தனியாக ஓர் ஓட்டை உண்டு. அதைத்தான் நான் மறந்துபோனேன். பரணிலிருந்து பழைய அம்ப்ளிஃபையரை இறக்கி மாட்டினேன். ஆஹா! மாடியே நிறைந்துவிட்டது. பாஸ் குதித்தார். நான் குதித்தேன். அஞ்சலையும் குதித்தாள். கீழே இருந்து யாரோ என்னாச்சு என்று கத்தினார்கள். ஊசி இம்மியும் நகரவில்லை.

அஞ்சலைக்கு ஒரே ஒரு குறை. "டிஸ்கோவுல ஓடினதாச்சே ஐயா, அம்மனுக்கு ஆகுமா?"

"மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கம்மா. மூடி மேல மட்டும். உள்ள ஒரு சொட்டு போகக்கூடாது" என்றார் பாஸ்.

தட்டையும் கோணிப்பையையும் என்னிடம் விட்டுவிட்டு அவள் ஊருக்குப் போனாள். தட்டெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது, கழுவாமல் ஓட்டினால் ஊசி பாழாகிவிடும். நான் பஞ்சை நனைத்துப் பள்ளம் பள்ளமாகத் துடைத்தேன். லேபிளில் வருடக்கணக்காக வைத்த குங்குமம் காய்ந்து ஏடு ஏடாக நின்றது. ஊசி பக்கத்தில் பொடி இருக்கக்கூடாது என்பது கடைச் சட்டம். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், அந்தப் பொட்டில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. பதமாக ஒற்றி ஒற்றி முழுவதையும் எடுத்துவிட்டேன். அடியில் எழுத்து வெளுத்துப்போயிருந்தது, பெயர் ஒன்றும் படிக்க முடியவில்லை. முப்பத்து மூன்று என்ற எண் மட்டும் தெரிந்தது.

திருவிழாவுக்கு முந்தின வாரம் அஞ்சலை வந்தாள். கூடவே ஆட்டக்காரப் பெண்கள் நாலைந்து பேர். எல்லோரும் மாடியில் வட்டமாக நின்றார்கள். நான் கையைக் கழுவினேன், விளிம்பில் பிடித்தேன், லேபிளைப் படித்தேன், முப்பத்து மூன்றை அமுக்கினேன், ஊசியை வைத்தேன். எல்லாம் முறைப்படி.

கணீரென்று ஓர் ஆண் குரல் எழுந்தது. நிதானமாக, ஆறுதலாக, அம்மனை ஊஞ்சலுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டது. எனக்குப் புல்லரித்தது. திரும்பிப் பார்த்தேன். அஞ்சலையின் முகம் செத்துப்போயிருந்தது.

"இது எங்க பாப்பா இல்லக்கா" என்றாள். குனிந்து தட்டைப் பார்த்தாள். "பொட்டு எங்க? பொட்டயும் காணோம், பாப்பாவயும் காணோம். எங்க ரெக்கார்ட மாத்திட்டீங்க."

மாற்றவில்லை என்றேன். குங்குமத்தை நான்தான் துடைத்தேன் என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அம்மனுக்கு வைத்த பொட்டை அழித்தாயா என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். அந்தக் கடையில் அத்தனை வருடமாக ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட நான் மாற்றி வைத்தது கிடையாது.

பாஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"மேரி, மாத்தினியா?"

"இல்ல பாஸ்."

அவர் அஞ்சலை பக்கம் திரும்பினார். "அவ மாத்தலம்மா" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வி என்னை அவர் கேட்கவில்லை.

இதற்கிடையில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் தட்டில் பழைய கீறல். டிக், டிக், டிக் என்றது. அஞ்சலை என்னை முறைத்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அந்த டிக் சத்தத்துக்கு அவளுடைய வலது மணிக்கட்டு தானாக ஒரு திருப்பு திருப்பியது. பக்கத்தில் நின்ற பெண்ணின் கையும் திரும்பியது. நான் பார்த்துவிட்டேன். வாய்தான் இல்லை என்கிறது, கை ஆமாம் என்கிறது.

அப்படியென்றால் தட்டு இதுதான். வேறு எது மாறியது? பிளேயர்தான் மாறியது. ஓடிப்போய் அந்தச் செத்த பெட்டியைக் கோணிப்பையிலிருந்து உருவினேன். முன்னும் பின்னும் புரட்டினேன். வேகம் மாற்றும் திருகே அதில் கிடையாது. சின்னத் தட்டுக்கென்று செய்த பெட்டி, ஒரே ஒரு வேகம்தான், நாற்பத்தைந்து. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, ஊசியை முதலுக்குக் கொண்டுபோய் வைத்து, நாற்பத்தைந்தை அமுக்கினேன்.

பாப்பா வந்துவிட்டாள்.

கீச்சென்று, துள்ளலாக, மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு வந்துவிட்டாள். பெண்கள் ஓவென்று கத்தினார்கள். அஞ்சலை ரிப்பேர் மேசையிலிருந்து இரண்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தாள். அவ்வளவுதான், பலகைத் தரை அதிர ஆட்டம் தொடங்கியது. கோல் இல்லாதவர்கள் கேசட் பெட்டிகளைத் தட்டினார்கள். என்ன வேகம் அம்மா அது! கண்ணால் பிடிக்கவே முடியவில்லை. டிஸ்கோ பிளேயர் மலை மாதிரி நின்றது.

ஆடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் அஞ்சலைக்கு உறைத்தது. "அப்போ பாப்பா ஆம்பளையாக்கா?" என்றாள். நான் தலையாட்டினேன். "இன்னொருக்கா அந்த ஆளப் பாடச் சொல்லுங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்து மூன்றில் வைத்தேன். முழுப் பாட்டையும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். வார்த்தையெல்லாம் அவளுக்கு மனப்பாடம்தான், ஆனால் அவை மெல்ல நடந்து வந்து அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"ஊஞ்சல் பாட்டுன்னு தெரியும். ஆனா இத்தன வருஷமா அந்தத் தாய ஊஞ்சல்ல உக்கார வெச்சு இந்த ஓட்டமா ஓட்டியிருக்கோம். தலை சுத்தியிருக்கும் லா பாவம்" என்றாள். பாஸ் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். தோள் குலுங்கச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குள் ஒரு பயம் வந்தது. தவறான வேகத்தில் ஓட்டியதற்காக வியாபாரத்தையே விட்டவர் இவர். கோயிலில் ஊர் கூடியிருக்கும்போது நாற்பத்தைந்தில் ஓட்டக் கடைப் பிளேயரைக் கொடுப்பாரா? முப்பத்து மூன்றில் ஓட்டினால் இந்தப் பெண்களால் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது, டவுன் கூட்டம் ஏறிவிடும். அஞ்சலைக்கும் அது புரிந்துவிட்டது போல. எழுந்து நின்றாள். பாஸ் வெகுநேரம் அந்த இரண்டு பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னிக்கு நானும் வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப்போனார். சரி என்றாரா, இல்லை என்றாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

திருவிழா அன்று கோயில் பந்தலில் பிளேயரை வைத்தோம். அஞ்சலை மூடிமேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பாஸ் வேட்டி கட்டி வந்திருந்தார், பிளேயருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பெண்கள் வட்டமாக நின்றார்கள். டவுன் கூட்டம் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அஞ்சலை ஊசியைக் கையில் பிடித்தபடி பாஸைப் பார்த்தாள். பாஸ் கையை நீட்டி, தானே நாற்பத்தைந்தை அமுக்கினார். என் உயிர் திரும்பி வந்தது.

கரகரவென்றது. கோல்கள் எழும்பின. அப்புறம் நடந்ததை எழுத எனக்கு வார்த்தை போதாது. பின்னால் இருந்தவர்கள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். டவுன் கூட்டத்துப் பெண்கள் தங்களை அறியாமல் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். டிக் டிக் என்றபோது அத்தனை மணிக்கட்டும் ஒன்றாகத் திரும்பின. அந்தக் கீறல் எங்கள் ஒரு சிலருக்குத்தான் தெரியும், மற்றவர்கள் அதுவும் பாட்டில் உள்ளது என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

ஆட்டம் முடிந்ததும் அம்மனை ஊஞ்சலுக்குத் தூக்கி வந்தார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைக்கப் போனார். அஞ்சலை ஓடிப்போய் அவரிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"ஐயா, இப்ப அந்த ஆளப் பாட வைங்க."

பாஸ் முப்பத்து மூன்றை அமுக்கினார். அஞ்சலை ஊசியை வைத்தாள். கரகரவென்றதும் பழக்கத்தில் கோல்கள் மேலே போயின. அவள் கையைக் காட்டியதும் மெல்ல இறங்கின. அந்த ஆண் குரல் எழுந்து அம்மனைக் கூப்பிட்டது. ஊஞ்சல் ஆடத் தொடங்கியது. பாட்டும் ஊஞ்சலும் ஒரே அசைவாகப் போயின. பாஸ் கண்ணாடியைக் கழற்றினார். ஐயோ, என்ன தப்பு செய்தோம் என்று பதறிப்போய்ப் பார்த்தேன். துடைத்தது கண்ணாடியை இல்லை, கண்ணை.

எல்லாம் முடிந்து தட்டைத் துணியில் சுற்றும்போது, அஞ்சலை அம்மன் காலடியிலிருந்து குங்குமம் எடுத்துவந்தாள். லேபிளில் பொட்டு வைத்தாள். முன்பு மாதிரி அப்பவில்லை, விரல் நுனியால் ஓரமாக, முப்பத்து மூன்று என்ற எண்ணை மறைக்காமல் வைத்தாள். ஊசி பக்கம் பொடி ஆகாது என்ற மனிதர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அதனால்தான் பிள்ளைகளே, பச்சை விளக்கும் வேண்டாம், கண்ணாடி மூடியும் வேண்டாம். கனமாக இருக்கிறதா பாருங்கள், ஒரு குதி குதித்துப் பாருங்கள், பொத்தான் இரண்டு இருக்கிறதா பாருங்கள். நியாலாஸ் தட்டுக்குத் திருவிழா இல்லாத நாட்களில் என் வீட்டில்தான் ஜாகை, ஓட்டத்தான் சொந்தமாக ஒரு பிளேயர் இல்லை. வாங்கிவிட்டால், பாட்டுக் கேட்க ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அஞ்சலையும் வந்துவிடுவாள்.